ஒரு மூலப் படம், பதினைந்து நகல்: படம் சுருக்கும் வேலையை பில்டிடம் ஒப்படைக்கும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரு சிக்பேட்டையில், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற ஒரு பட்டுப் புடவைக் கடையின் வெப்சைட்டை நான் கவனித்துக்கொள்கிறேன். கடைக்காரருக்குப் பூர்வீகம் ஆரணிப் பக்கம். இங்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. ஒரு புடவைக்கு ஐந்து படம் எடுப்பார்கள்: முழு விரிப்பு, முந்தானை, பார்டர், உடல் புட்டா, ரவிக்கைத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் பக்கத்துக்கு ஒரு அளவு, மொபைலுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று, பெரிதாக்கிப் பார்க்க ஒன்று. ஆக ஒரு புடவைக்கு 20 ஃபைல். புதுச் சரக்கில் 40 புடவை வந்தால் 800 ஃபைல். கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, அளவு மாற்றி, பெயர் மாற்றி சேவ் செய்துகொண்டிருந்தான்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அரக்குப் புடவை ஒன்றின் பெரிய படம் இருக்க வேண்டிய இடத்தில் 320 பிக்சல் படம் போய் உட்கார்ந்துவிட்டது. வாங்க வந்த அம்மா ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். ஜரிகை இழை தெரியவில்லை, மஞ்சளாக ஒரு தீற்றல்தான் தெரிந்தது. போன் போட்டு, "இது கைத்தறியா, பிரின்டா?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் என்னிடம், "தம்பி, நெசவுல குத்தம் இருந்தா ஒத்துக்கலாம். படத்தால கெட்ட பேரு வாங்கலாமா?" என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பையன் மேல் தப்பில்லை. மெஷின் செய்ய வேண்டிய வேலையை மனிதன் கையில் கொடுத்தது என் தப்பு. அதைச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: மூலப் படம் ஒன்றே ஒன்று. மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து பில்ட், அதாவது சைட்டைத் தானாகத் தயார்செய்யும் ஸ்கிரிப்ட், பெற்றெடுப்பவை. அந்தப் பிள்ளைகளை யாரும் கையால் தொடக் கூடாது.

படி 1: மூலத்தையும் விளைச்சலையும் பிரித்து வையுங்கள்

ப்ராஜெக்டில் இரண்டு ஃபோல்டர் போதும். "மூலம்" என்பதில் கேமராவோ போனோ எடுத்த அசல் படங்கள். "வெளியீடு" என்பதில் பில்ட் உருவாக்குபவை. முதல் ஃபோல்டரில் ஸ்கிரிப்ட் படிக்கலாம், எழுதக் கூடாது. இரண்டாவது ஃபோல்டரை கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கவனிக்காமல் விடும்படி இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விளைச்சலை ஒருமுறை கமிட் செய்துவிட்டால், அதாவது கிட்டில் பதிந்துவிட்டால், எது கையால் செய்தது, எது பில்ட் செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரியாகப் பிரித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வெளியீடு ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டு பில்டை ஓட்டுங்கள். சைட் முன்பு இருந்தபடியே வந்து நின்றால் சரி. ஏதாவது ஒரு படம் காணாமல் போனால், அது எங்கோ கைவேலையாக வந்தது என்று பொருள். அதைத் தேடிப் பிடித்து மூலத்துக்குள் கொண்டுவாருங்கள்.

படங்களைக் கட்டளை வரியில் மாற்றும் இமேஜ்மேஜிக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள மோக்ரிஃபை கட்டளை, வேறு இடம் சொல்லாவிட்டால் அசல் ஃபைலின் மேலேயே எழுதிவிடும். மூலப் படத்தின் மேல் அதை ஓட்டினால் 4000 பிக்சல் படம் 800 ஆகிவிடும், திரும்ப வராது. அதனால் மூல ஃபோல்டருக்கு எழுதும் அனுமதியையே எடுத்துவிடுவது நல்லது.

மூலம் எப்படி வந்து சேர்கிறது என்பதும் இந்தப் படியில்தான் அடங்கும். எங்கள் கடையில் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அசல் நமக்கு வந்து சேரவே சேராது. அதே படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். நல்ல பில்ட் எழுதி முடித்த பிறகும் சைட்டில் ஜரிகை மங்கலாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

மூலப் படங்கள் நிறைய சேரும்போது ரெப்போ (கிட் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் களஞ்சியம்) பெருத்துவிடும். பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் வைத்துக்கொள்ளலாம், அல்லது கிளவுட் ஸ்டோரேஜில் மூலத்தை வைத்து பில்ட் தொடங்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

படி 2: எந்த அளவுகள் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

பழக்கத்தில் வந்த எண்களை அப்படியே எடுத்து வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் படம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதைத் திரையின் அடர்த்தியால், அதாவது பக்கக் கணக்கின் ஒரு பிக்சல் (சிஎஸ்எஸ் பிக்சல்) அகலத்தில் திரையில் எத்தனை உண்மைப் பிக்சல் இருக்கிறது என்ற எண்ணால், பெருக்குங்கள்.

எங்கள் பட்டியல் பக்கத்தில் மொபைலில் அருகருகே இரண்டு படம். திரை அகலம் 360 சிஎஸ்எஸ் பிக்சல், இரு ஓரத்திலும் நடுவிலும் எட்டெட்டு பிக்சல் இடைவெளி. 360-இலிருந்து 24 போனால் 336, பாதி 168. அடர்த்தி 2 உள்ள போனுக்கு 336 பிக்சல் படம் வேண்டும், 3 உள்ள போனுக்கு 504. புடவைப் பக்கத்தில் படம் திரை முழுக்க வரும்: அடர்த்தி 2-க்கு 720, 3-க்கு 1080. லேப்டாப்பில் பாதிப் பக்கம், சுமார் 600. அடர்த்தி 2 என்றால் 1200. பெரிதாக்கிப் பார்க்க 2000. இவற்றைக் கொஞ்சம் மேல்நோக்கித் திரட்டினால் 340, 520, 800, 1200, 2000 என்று ஐந்து அளவு கிடைக்கிறது. ஒவ்வொரு போன் மாடலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பிரௌசர் கிட்டத்தட்ட பொருந்துவதை எடுத்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு ஆப் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எம்டிபிஐ என்ற அடிப்படை அடர்த்தியை 1 என்று கொண்டால் ஹெச்டிபிஐ 1.5, எக்ஸ்ஹெச்டிபிஐ 2, அடுத்தது 3, அதற்கடுத்தது 4. லாஞ்சர் ஐகான் 48 டிபி (அடர்த்தியைச் சாராத அலகு) என்றால் 48, 72, 96, 144, 192 பிக்சலில் ஐந்து ஃபைல். கீழே வரும் முறை அதற்கும் அப்படியே பொருந்தும்.

இந்த எண்களை ஸ்கிரிப்டுக்குள் அங்கங்கே புதைக்காதீர்கள். ஒரே ஒரு அமைப்பு ஃபைலில் அளவு, ஃபார்மட், தரம் மூன்றையும் எழுதிவையுங்கள். பில்டும் பக்கத்தின் டெம்ப்ளேட்டும் (பக்கத்தின் அச்சு வடிவம்) அதையே படிக்கட்டும்.

படி 3: சுருக்கும் வரிசை

ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஷார்ப் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். அதற்கு அடியில் ஓடுவது லிப்விப்ஸ் என்ற படக் கருவி. படத்தை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல், தேவையான பகுதியை மட்டும் இழுத்துச் செய்வதால் வேகமும் உண்டு, நினைவகமும் மிச்சம். 1990-இல் வெளிவந்த இமேஜ்மேஜிக்கும் நல்ல கருவிதான். ஒரு கட்டளை வரியில் வேலை முடியும். நோட் இல்லாத ப்ராஜெக்ட் என்றால் அதையே எடுங்கள். எந்தக் கருவியானாலும் வரிசை இதுதான்:

மூலப் படத்தைத் திற
எக்ஸிஃப் (கேமரா ஃபைலுக்குள் எழுதும் குறிப்பு) சொல்லும் திசைப்படி நிமிர்த்து
நிறத்தை எஸ்ஆர்ஜிபி-க்கு (வெப்பின் வழக்கமான நிறவெளி) மாற்று
ஒவ்வொரு அளவுக்கும்:
  அளவு மூலத்தைவிடப் பெரியதா? அப்படியானால் விடு
  அகலத்தை அந்த அளவுக்குச் சுருக்கு, உயரம் விகிதப்படி
  ஒவ்வொரு ஃபார்மட்டிலும் எழுது
மெட்டாடேட்டா (எக்ஸிஃப் போன்ற உள்குறிப்புகள்) எதையும் கூட எடுத்துப் போகாதே

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு அடிபட்ட பிறகு சேர்ந்தது. விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் திசை. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் சென்சார் படத்தைக் கிடைமட்டமாகவே எழுதும். "இதைத் திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃபில் 1 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும். 6 என்றால் வலச்சுற்றாக 90 பாகை. ஷார்ப் இயல்பாகவே மெட்டாடேட்டாவைக் கழற்றிவிடும். அதற்கு முன் படத்தை நிமிர்த்தாவிட்டால் திருப்பச் சொன்ன குறிப்பு மட்டும் போய்விடும், முந்தானை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். ஷார்ப்பில் ரொட்டேட்டை எண் எதுவும் கொடுக்காமல் அழைத்தால் நிமிர்த்திவிடும். இமேஜ்மேஜிக்கில் ஆட்டோ-ஓரியன்ட்டை ரீசைஸுக்கு முன்னால் எழுதுங்கள். அங்கே எழுதும் வரிசையிலேயே வேலை நடக்கும்.

மெட்டாடேட்டாவைக் கழற்றுவதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. போன் படத்தில் ஜிபிஎஸ் இடம் பதிந்திருக்கலாம். கடைப் படம் என்றால் பரவாயில்லை. சில புடவைகளை நெசவாளர் வீட்டிலேயே வைத்துப் படம் எடுக்கிறோம். அவர்கள் வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையை உலகத்துக்குப் போட்டுக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

அடுத்தது நிறம். எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் வலித்த பகுதி இது. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் அந்த போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. ஃபைலுக்குள் "இந்த எண்களை பி3 என்று படி" என்று ஒரு ப்ரொஃபைல் இருக்கும். இமேஜ்மேஜிக்கில் ஸ்ட்ரிப் என்று மட்டும் போட்டால் அந்த ப்ரொஃபைல் போய்விடும், எண்கள் அப்படியே நிற்கும். பிரௌசர் அவற்றை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துப் படிக்கும், நிறம் வெளுக்கும். நீலப் புடவையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் இரண்டு வெளிக்கும் நீல முனை ஒன்றேதான். பச்சையிலும் சிவப்பிலும் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் கடையில் கிளிப்பச்சை ஒன்று வாழை இலைக் குருத்து மாதிரி வெளிறிப்போய் சைட்டில் நின்றது. ப்ரொஃபைலைக் கழற்றும் முன் எண்களையே எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிவிட வேண்டும். ஷார்ப் இதைத் தானாகச் செய்கிறது. இமேஜ்மேஜிக்கில் நாம்தான் சொல்ல வேண்டும்.

சின்ன மூலத்தைப் பெரிதாக்காதீர்கள். ஷார்ப்பில் வித்தவுட் என்லார்ஜ்மென்ட் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். இமேஜ்மேஜிக்கில் அளவுக்குப் பின்னால் வலப்பக்கம் பார்க்கும் கூர்க்குறி ஒன்று போட வேண்டும். கட்டளையைப் படிக்கும் ஷெல் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும் என்பதால் மேற்கோள் குறிக்குள் அடையுங்கள்.

கட்டம் போட்ட புடவையும் மெல்லிய ஜரிகைக் கோடும் சுருக்கும் முறையைச் சோதித்துவிடும். பத்தில் ஒரு பிக்சலை மட்டும் பொறுக்கி எடுக்கும் நியரஸ்ட் முறையில் சுருக்கினால், புடவையில் இல்லாத அலை ஒன்று படத்தில் ஓடும். லான்சோஸ் போன்ற வடிகட்டி சுற்றியுள்ள பிக்சல்களையும் எடையிட்டுச் சேர்ப்பதால் அந்த அலை வராது. ஷார்ப்பில் இயல்பாக இருப்பதும் அதுதான், மாற்ற வேண்டாம். படம் எடுக்கும்போதே சென்சாரில் அலை பதிந்துவிட்டால் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது. கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தித் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபார்மட் மூன்று: 1992-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக், 2010-இல் கூகுள் அறிவித்த வெப்பி, 2019-இல் வந்த ஏவிஃப். ஐந்து அளவு, மூன்று ஃபார்மட், ஆக ஒரு மூலத்துக்குப் பதினைந்து நகல். ஜேபெக்கில் ஷார்ப் நிறத் தகவலை 4:2:0 என்ற முறையில் வைக்கிறது. அதாவது நிறத்தின் நுணுக்கம் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. முகப் படத்தில் இது தெரியாது. சிவப்புப் பட்டில் மெல்லிய தங்க வரி ஓடும் இடத்தில் தெரியும்: இரண்டும் ஒன்றோடொன்று கசிந்து விளிம்பு அழுக்காகும். 2000 பிக்சல் படத்துக்கு மட்டும் 4:4:4 (நிறத் தகவலைக் குறைக்காத முறை) என்று மாற்றுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் அந்தப் படத்தைக் கேட்பவர் இழையைப் பார்க்கத்தான் கேட்கிறார். சாதாரண வெப்பி எப்போதும் 4:2:0-தான், அதனால் பதினைந்தில் வெப்பி நகல் இருந்தாலும் பெரிதாக்கும் படத்துக்கு அதை நான் கொடுப்பதில்லை. ஏவிஃப் 4:4:4-ஐ ஏற்கும்.

படி 4: மாறாததைத் திரும்பச் செய்யாதீர்கள்

ஏவிஃப் எழுதுவது மெதுவான வேலை. எல்லாப் படத்தையும் ஒவ்வொரு பில்டிலும் செய்தால், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட டீ குடித்துவிட்டு வரலாம். மாறியதை மட்டும் செய்ய வேண்டும்.

பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய மேக் (make) என்ற பில்ட் கருவி இதற்கு ஒரு வழி காட்டியது: மூலத்தின் நேரம் விளைச்சலின் நேரத்தைவிடப் புதிதா என்று பார். லேப்டாப்பில் இது அழகாக வேலை செய்யும். சிஐ சர்வரில், அதாவது மாற்றம் ஏற்றியதும் பில்டைத் தானாக ஓட்டும் கணினியில், செய்யாது. கிட் ஃபைலின் பழைய நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. ரெப்போவை அங்கே குளோன் செய்த (நகலெடுத்த) நொடிதான் எல்லா ஃபைலுக்கும் நேரம். அதனால் அங்கே எல்லாமே புதிது போலத் தோன்றும்.

நேரத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தின் ஹாஷை (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுங்கள், எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை போதும். ஆனால் மூலப் படத்தின் ஹாஷ் மட்டும் போதாது. ஒரு நகல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் சாவியில் நான்கு சேர வேண்டும்: மூலத்தின் பைட்டுகள், அளவு, ஃபார்மட்டோடு தரம், கருவியின் பதிப்பு எண். நான் தரத்தைச் சேர்க்க மறந்திருந்தேன். ஜேபெக் தரத்தை 60-இலிருந்து 75-க்கு ஏற்றிவிட்டு, சைட்டில் ஒன்றும் மாறவில்லையே என்று அரை நாள் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாவி மாறவில்லை, அதனால் கேஷ் (செய்து முடித்த நகல்களின் சேமிப்பு) பழையதையே எடுத்துக் கொடுத்தது.

அந்தச் சாவியின் பெயரிலேயே கேஷ் ஃபோல்டரில் ஃபைலை வையுங்கள். பில்ட் ஒவ்வொன்றுக்கும் சாவியைக் கணக்கிட்டு, இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் செய்யட்டும். சிஐ-யில் அந்த ஃபோல்டரை ஓட்டத்துக்கு ஓட்டம் சேமித்து வைக்கும் வசதி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

எழுதும்போது நேரடியாக அந்தப் பெயரில் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலோ பில்டை நிறுத்தினாலோ, பாதி எழுதிய ஃபைல் முழு ஃபைலின் பெயரோடு கேஷில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்டும் அந்தப் பாதிப் படத்தை நம்பி எடுத்துக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் எத்தனை படம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். 4000-க்கு 3000 பிக்சல் படம் விரித்தால் 3.6 கோடி பைட். முப்பதை ஒன்றாக விட்டால் சின்ன சிஐ மெஷின் மூச்சுத் திணறி பில்டைக் கொன்றுவிடும். இரண்டு அல்லது நான்கில் தொடங்கிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் வேலை செய்யும்போது ஏவிஃப் வேண்டாம், இரண்டு அளவில் ஜேபெக் போதும்.

படி 5: பெயரும் பக்கமும்

வெளியீட்டுப் பெயரில் ஹாஷின் முதல் சில எழுத்துகளைச் சேருங்கள். படம் மாறினால் பெயர் மாறும். அதனால் பிரௌசரிடம் ஒரு வருஷம், அதாவது 31536000 நொடி, வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பழைய படம் ஒட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை வராது.

பில்ட் முடிவில் ஒரு பட்டியல் ஃபைல் எழுதட்டும்: மூலத்தின் பெயர், அதற்குக் கிடைத்த ஃபைல்கள், ஒவ்வொன்றின் அகலம், உயரம். டெம்ப்ளேட் அதைப் படித்து பிக்சர் என்ற ஹெச்டிஎம்எல் குறியை எழுதட்டும்: முதலில் ஏவிஃப், பிறகு வெப்பி, கடைசியில் ஜேபெக். பிரௌசர் தனக்குத் தெரிந்த முதல் ஃபார்மட்டை எடுக்கும். அகலம், உயரம் இரண்டையும் இமேஜ் குறியில் எழுதினால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது.

படம் பக்கத்தில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று பிரௌசருக்குச் சொல்லும் சைசஸ் என்ற பண்பை மறக்காதீர்கள். எழுதாவிட்டால் படம் திரையின் முழு அகலம் என்று பிரௌசர் நினைத்துக்கொள்ளும். 168 பிக்சல் இடத்துக்கு 1200 பிக்சல் படத்தை இறக்கும். இவ்வளவு அளவுகள் செய்ததன் பலன் அந்த ஒரு வரியில் போய்விடும்.

படி 6: தப்பு இருந்தால் பில்ட் நிற்கட்டும்

திறக்க முடியாத ஃபைல், 2000 பிக்சலுக்குக் குறைந்த மூலம், 340 அளவில் நீங்கள் வைத்த எடை (ஃபைலின் பைட் கணக்கு) வரம்பைத் தாண்டிய படம் இவற்றில் எது வந்தாலும் பில்ட் தோற்க வேண்டும். எச்சரிக்கை மட்டும் காட்டி ஓடினால் யாரும் படிப்பதில்லை.

தோற்கும்போது சொல்லும் செய்தியை யார் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். எங்கள் பில்ட் இப்படிச் சொல்கிறது: "புடவை 214, முந்தானைப் படம் 900 பிக்சல்தான் இருக்கிறது. போனிலிருந்து டாக்குமென்ட்டாகத் திரும்ப அனுப்பவும்." அந்தத் தம்பி என்னைக் கூப்பிடாமலேயே சரிசெய்துவிடுகிறான். இப்போது மூலப் படங்களுக்கு அவன்தான் பொறுப்பு.

படி 7: சிஐ-யில் ஏற்றும்போது

ஷார்ப் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி பைனரியாக (நேரடியாக ஓடும் ஆயத்த ஃபைல்) வருகிறது. ஆப்பிள் மேக் கணினியில் இன்ஸ்டால் செய்த நோட் மாட்யூல்ஸ் (லைப்ரரிகள் இருக்கும்) ஃபோல்டரை அப்படியே டாக்கர் கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் பெட்டி) காப்பி செய்தால் லினக்ஸில் ஓடாது. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸுக்கு மறுபடியும் வேறு பைனரி. கன்டெய்னருக்குள்ளேயே இன்ஸ்டால் செய்யுங்கள், பதிப்பு எண்களைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைக் கமிட் செய்து பதிப்பைக் கட்டிவையுங்கள். ஐபோனின் ஹெச்இஐசி என்ற வகைப் பட ஃபைல்களை ஷார்ப்பின் ஆயத்த பைனரி திறக்காது. போனின் கேமரா அமைப்பில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றிவிடுவது சுலபமான வழி.

வாடிக்கையாளரே படம் ஏற்றும் சைட் என்றால் பில்ட் நேரத்தில் சுருக்க முடியாது. கேட்கும்போது சுருக்கிக் கொடுக்கும் சர்வர் வேண்டும், அது வேறு கதை.

படி 8: கடைசியாகக் கண்ணால் பாருங்கள்

அளவு, எடை எல்லாம் மெஷின் பார்த்துவிடும். நிறத்தை மெஷின் பார்க்காது. அமைப்பு ஃபைலை மாற்றினாலோ ஷார்ப்பின் பதிப்பை ஏற்றினாலோ நான் சிக்பேட்டைக்கு மெட்ரோ பிடித்துப் போகிறேன். காலை பத்தரைக்கு அந்த மாடி ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழும். கடைக்காரர் புடவையை மடியில் விரித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனையும் என் போனையும் வைத்து, முந்தானையைப் பெரிதாக்கிப் பார்ப்பார். இதற்கென்றே அந்தக் கிளிப்பச்சையை விற்காமல் பீரோவில் தனியாக வைத்திருக்கிறார்.